சீமாட்டியின் துணிப்பெட்டி

பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு பர்தா கிடந்தது.

அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு துணியும் மெஹர்னிசாவுக்கு மனப்பாடம். புருஷன் உமர் பாரூக் அனல்மின் நிலையத்துக்கு ஷிப்டு போய்விட்டால், மீஞ்சூர் வீட்டில் அவளுக்குத் துணை ஆறு வருஷமாகத் தேடிச் சேர்த்த பழைய பிரெஞ்சுப் பொம்மைகள்தான்: மெருகேற்றாத பீங்கான் முகமும் ஆட்டுத்தோல் உடம்பும் கொண்ட, இடுப்பு சிறுத்த சீமாட்டிகள். 2007இல் பாண்டிச்சேரி பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்த ஏழாவது பொம்மை தன் துணிப்பெட்டியோடு வந்தது. இரண்டு கவுன், ஒரு குடை, ஒரு ஜோடி கையுறை. அவ்வளவுதான்.

தன் பர்தாவை எடுத்துப் பிரித்தாள். ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கத்தரித்திருந்தது.

மறுநாள், மகள் முபீனாவின் பள்ளிச் சீருடைத் துணியில் குட்டிப் பாவாடை.

"நீயே தெச்சிட்டு என்கிட்ட காட்டுறியா?" உமர் சிரித்தான். "நாள் பூரா அதுங்ககூடவே குந்திகினு இருந்தா இப்டித்தான், மெஹரு."

"நான் தெக்கலைங்க. சத்தியமா."

"அப்போ இன்னா, அதுவே தெச்சுதா?"

பெட்டியையும் பொம்மையையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முபீனாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் கரண்ட் போய், மின்விசிறி முனகி நின்று, ஜன்னல் வழியே சாம்பல் நெடி புழுக்கத்தோடு வந்து படிய, சரக்கு ரயிலின் தடதடப்பு தேய்ந்து அடங்கிய அமைதியில், அலமாரிக்குள்ளிருந்து துணியில் நூல் இழுபடும் ஓசை மெல்லக் கேட்டது. சர்ர். சர்ர். பிறகு கத்தரிக்கோல்.

பூட்டைத் திறந்தாள். அத்தர் வாசனை. தைக்காத வெள்ளைத் துணி. ஐந்து துண்டுகள்.

அடக்கம் செய்யுமுன் பெண் மய்யித்துக்குச் சுற்றும் கஃபன் துணி ஐந்து துண்டுதான்.

பொம்மையின் கண்ணாடிக் கண்கள் உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தன. முபீனா படுத்திருந்த பக்கம்.

அம்மிக்குழவியைத் தூக்கினாள். தலைக்குக் குறிவைத்த அடி தவறி, பொம்மையின் மணிக்கட்டில் விழுந்தது. தோல் கிழிந்தது. உள்ளே அடைத்திருக்கும் மரத்தூள் சிதறும் என்று கண்ணை மூடினாள்.

சிதறவில்லை. விரல்களில் ஏதோ பிசுபிசுத்தது. சூடாக. சிவப்பாக.

"உம்மா..."

ஓடினாள்.

முபீனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலி இல்லை. எதுவுமே இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

மணிக்கட்டு கிழிந்திருந்தது. ரத்தம் இல்லை.

மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல. நிற்காமல்.