பக்கோடாவை மீட்கப் போன படகு

“ஏறினா ஏறு, இல்லாட்டி இறங்கு கண்ணு! தண்ணி உனக்காக நிக்காது!”

படகோட்டி செல்லக்கண்ணு அதட்டியதும் பூங்கோதை ஒரே தாவலில் ஏறினாள். பின்னாலேயே அடுத்த வீட்டு ரியாஸ், கையில் நீண்ட மூங்கில் கழியோடு. முந்தாநாள் வரை பஸ் ஓடிய மெயின் ரோட்டில் இன்று மீன்பிடிப் படகு!

புதையல் தேடிப் போனால்கூட ஊர் மெச்சியிருக்கும். இவர்கள் தேடிப் போனது பக்கோடாவை. சிரிக்காதீர்கள், அது பூங்கோதை வீட்டு நாயின் பெயர். நேற்று வந்த ரப்பர் படகில் மனிதர்களுக்கே இடம் போதவில்லை. “நாளைக்கு வந்துடுறேன்டா” என்று அதை மொட்டைமாடியில் விட்டுவிட்டு வந்த அப்பா, கல்யாண மண்டப முகாமில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அவருக்கு முட்டி வீங்கிக் கிடந்தது. “நான் போறேன்பா” என்று கிளம்பிவிட்டாள் மகள். மதியத்துக்கு மேல் ஏரி மதகை மறுபடி திறக்கப் போகிறார்கள். அதற்குள் திரும்ப வேண்டும்.

“கழிய ஊனிப் பாரு தம்பி, அடியில கார் இருக்கும்!”

ரேஷன் கடை முனையில் இரண்டு தெருத் தண்ணீரும் மோதிச் சுழன்றன. படகு பம்பரமாகச் சுற்றியது. மோட்டாரில் ஏதோ புடவை சிக்கி, சத்தம் அடங்கியது!

“பிடிச்சுக்க கோதை!” என்று கத்தியபடி ரியாஸ் கழியைச் சுவரில் ஊன்றினான். பூங்கோதை ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள். உள்ளங்கை எரிந்தது, விடவில்லை. செல்லக்கண்ணு புடவையை அறுத்தெறிந்தார். மோட்டார் மறுபடி உறுமியது.

வீட்டின் கீழ்த்தளம் முழுகிக் கிடந்தது. சன்ஷேடில் கால் வைத்து இருவரும் மாடிக்கு ஏறினார்கள்.

“பக்கோடா! டேய் பக்கோடா!”

பதில் இல்லை. ரியாஸ் சும்மா இருந்திருக்கலாம். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதித் தொலைத்தான். தீபாவளி ராக்கெட் கூவினாலே கட்டிலுக்கு அடியில் பதுங்கும் மாவீரனாயிற்றே பக்கோடா! தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. அந்த முனகலும் இன்னும் உள்ளே தள்ளிப் போனது.

கை எட்டவில்லை. பிஸ்கட் காட்டினார்கள், அசையவில்லை.

“இன்னும் ஒரு படி முழுகிடுச்சி! இறங்குங்கப்பா!” என்று கீழேயிருந்து செல்லக்கண்ணு கத்தினார்.

பூங்கோதைக்கு அழுகை முட்டியது. வெறுங்கையோடு போய் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது? சட்டென்று எழுந்தாள். பிஸ்கட்டை நொறுக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

“கா... கா... கா...”

“நாயக் கூப்பிடச் சொன்னா காக்காயக் கூப்பிடுறியே!”

“பேசாம இரு ரியாஸ். எங்க வீட்டுல காக்காக்குச் சோறு வெச்ச பிறகுதான் இவனுக்குத் தட்டு விழும்.”

நனைந்த காகம் ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. இரண்டும் கொத்தித் தின்றன. தொட்டிக்கு அடியில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு இரண்டு காது. பிறகு சேறு பூசிய பக்கோடா முழுசாக வெளியே வந்து, தினமும் தட்டு விழும் மூலையில் போய் வாலை ஆட்டியபடி உட்கார்ந்தது! பூங்கோதை அதை அள்ளிக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மண்டபத்து வாசலில் படகு நின்றதும் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டிருக்க வேண்டும்! பக்கோடா ஒரே பாய்ச்சலில் அப்பாவின் மடியில் விழுந்தது. அவர் அதன் ஈரத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். “பாப்பா... எங்க வீட்டுப் பரண்ல பூனை இருக்கு. மனுஷங்களே தவிக்கும்போது எப்படிக் கேக்கறதுன்னுதான்...”

“எங்க மாடியில ஒரு ஆடு, தாயி” என்றது இன்னொரு குரல்.

நேற்றிலிருந்து எத்தனை பேர் வாய்விட்டுக் கேட்கக் கூசித் தவித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் பூங்கோதைக்குப் புரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். செல்லக்கண்ணு ஏற்கெனவே டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மதகு தொறக்கறதுக்குள்ள ஒரு நடை போய் வந்துடலாம். ஏறு கண்ணு!”

முகாம் அதிகாரி பதறிப்போய் ஓடிவந்தார். “யாருங்க இந்தப் பொண்ணு? மறுபடியும் போகுதே!”

அப்பா நாயை அணைத்தபடியே நிமிர்ந்தார்.

“எம் பொண்ணு சார். போனா கூட்டிக்கிட்டுதான் வருவா.”