ஆயுத பூஜையன்று அசையாத யானை

பொம்மைக்கு உயிர் வந்தால் பிள்ளைகள் சிரித்துக் குதிப்பார்கள் என்றுதான் டில்லிபாபு அன்று காலை வரை நினைத்திருந்தான்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டிபன் கடைக்கு மேலே இருந்த சின்ன அறைதான் அவனும் நாகவல்லியும் நடத்தும் துப்பறியும் அலுவலகம். நாகவல்லியின் கைகளுக்கு ஒரு தண்ணீர் லாரியையே தூக்கி நிறுத்தும் வலு உண்டு. டில்லிபாபுவுக்குப் பறக்க வரும். ஆனால் தெருவிளக்கு உயரத்துக்கு மேல் போனால் தலை சுற்றும். மற்ற நேரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பழைய சீட்டு ரெக்சினில் தைத்த சிவப்பு மேலங்கியை வண்டியிலேயே மடித்து வைத்திருப்பான். அந்தப் பக்கத்து ஜனங்கள் இருவரையும் சூப்பர் ஹீரோ என்பார்கள். நாகவல்லிக்கு அந்தப் பெயரில் கூச்சம். சாமி கொடுத்த பலத்தைவிட அவர் கொடுத்த பொறுமைதான் தொழிலுக்கு அதிகம் உதவுகிறது என்பார்.

அன்று படியேறி வந்த பெண்ணின் பெயர் ஜெபா. திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நவராத்திரி ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான் மேடம். மத்தியானம் புள்ளைங்க தூங்கி எழுந்திருக்கிற நேரம். ஜன்னலோரம் மாட்டி வெச்ச ராஜா பொம்மை நூலை அறுத்துக்கிட்டு இறங்கும். அப்புறம் அலமாரியில இருக்கிறது ஒவ்வொண்ணா எழுந்திரிக்கும். மரக்குதிரை டப்பாவையெல்லாம் உதைச்சுத் தள்ளும். குரங்குங்க ஜால்ரா தட்டும். பெத்தவங்க பயந்துட்டாங்க. பாதிப் பேர் புள்ளைங்கள அனுப்புறதே இல்ல. இன்னிக்குச் சாயந்தரம் குடியிருப்புச் சங்கத்துல கூட்டம். என்னைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க. எனக்கு வீடும் அதுதான், வேலையும் அதுதான் மேடம்."

"பிள்ளைங்க யாருக்காவது அடிபட்டுதா?" என்று கேட்டார் நாகவல்லி.

"ஒரு கீறல்கூட இல்ல. அதுதான் எனக்கும் புரியல. அருள்மொழின்னு ஒரு குட்டிப் பையன். சறுக்குமரத்து மேல இருந்து தவறிட்டான். பஞ்சு யானை ஓடி வந்து கீழ படுத்துக்கிச்சு. அது மேலதான் விழுந்தான்."

"தினமும் நடக்குதா?"

"ஞாயித்துக்கிழமை லீவு. மத்தபடி தினமும்... இல்ல, ஆயுத பூஜை அன்னிக்கு ஒண்ணும் நடக்கல. அன்னிக்கும் திறந்துதான் வெச்சிருந்தேன். அருள்மொழியோட அம்மா கவிப்பிரியா நர்ஸ், அவங்களுக்கு லீவு ஏது? அவங்கப்பா மனோகரன் சார் மாடியில இருந்து எல்லாருக்கும் பொரி, சுண்டல் கொண்டாந்து குடுத்துட்டு, வழக்கம்போல எங்க ஜன்னலுக்கு எதிர் பெஞ்சுல உக்காந்தாரு. பாவம், அப்படி ஒரு புழுக்கம், துண்டால முகத்தைத் துடைச்சு மாளல அவருக்கு. ஆனா பொம்மைங்க அன்னிக்கு சாது. யானை அசையவே இல்ல. மறுநாள் விஜயதசமிக்குப் புதுசா ரெண்டு புள்ளைங்க சேர வந்துச்சு. ராஜா பொம்மை வாளை ஓங்கினதுல வாசலோட ஓடிட்டாங்க."

டில்லிபாபு விரலைச் சொடுக்கினான். "அக்கா, எவனோ ஒரு வில்லன் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்கீறான். அதான் மேட்டரு."

"இருக்கலாம் டில்லி. போய்ப் பார்ப்போம். வண்டியை எடு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பாயில் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே, வேப்பமரத்தடி பெஞ்சில் மனோகரன் பனையோலை விசிறியால் விசிறியபடி, கம்பி ஜன்னல் வழியே பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். டில்லிபாபு வணக்கம் வைத்தான். அவரும் விசிறியைத் தாழ்த்தித் தலையசைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ராஜா பொம்மை கண் விழித்தது.

"இன்னாக்கா இது, நெஜமாவே வாளைத் தூக்கினு வருது," என்றான் டில்லிபாபு. மேலங்கியை மாட்டிக்கொண்டு எழும்பினான். பரணில் தலை இடித்தது. இரண்டு குரங்குகள் மேலங்கியைப் பிடித்துத் தொங்கின. கரடி ஒன்று அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அலமாரியைச் சாய்க்க வந்த மரக்குதிரையை நாகவல்லி ஒரு கையால் பிடித்தார். உடைத்துப்போட அவருக்கு ஒரு நொடி போதும். ஆனால் மிரண்ட கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் கழுத்தை அணைத்துப் பிடித்தார். அந்தக் குதிரை யாரோ ஒரு பிள்ளையுடையது.

களேபரத்தில் மனோகரன் விசிறியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். நேரே பேரனிடம் போய் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பொம்மைகள் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்தன.

"அந்த வில்லன் நம்மளக் கண்டு பயந்துட்டான்க்கா," என்றான் டில்லிபாபு, மேலங்கியை உதறியபடி.

நாகவல்லி ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "உங்க மேல வருத்தம் உள்ளவங்க யார் ஜெபா?" என்று கேட்டார்.

வருத்தம் இருவருக்கு இருந்தது. ஒருவன் நேர் மேல்வீட்டு விக்ரம். இரவெல்லாம் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

"ஆமாங்க, நான்தான் கம்ப்ளெயின்ட் குடுத்தேன். தூக்கமே இல்லீங்க," என்றான், சிவந்த கண்ணோடு. "ஆயுத பூஜையா? வீட்லதான் இருந்தேன். எங்க கிளையன்ட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? பூஜையில வெச்ச லேப்டாப்பையே எடுத்து வேலை பார்த்தேன். சந்தனம் கீபோர்டுல ஒட்டிக்கிச்சு. அம்மா இன்னும் என்கூடப் பேசல."

இன்னொருவர் சங்கச் செயலாளர் தமிழரசு. காப்பகம் இருக்கும் இடத்தில் உடற்பயிற்சிக்கூடம் வைக்க ஆசைப்படுகிறவர். "எங்க ஊட்ல பூஜை கீஜை எல்லாம் கிடையாதுங்க. சாமி இல்லன்றவன் நானு," என்றார். "அன்னிக்குப் பம்பு மோட்டார் புட்டுக்கிச்சு. ஒரு மெக்கானிக்கும் வரல. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான்தான் ஸ்பேனரும் கையுமா இருந்தேன். வேணும்னா வாட்ச்மேனைக் கேளுங்க."

"போச்சு. ரெண்டு பேரும் ஊர்லதான் இருந்துகீறானுங்க," என்று டில்லிபாபு படியில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தாகமா இருக்கு. மனோகரன் சார் வீட்ல தண்ணி கேட்போம்," என்றார் நாகவல்லி.

மனோகரன் தண்ணீருக்குப் பதில் மோர் கொடுத்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூஜை அலமாரியில் அவருடைய பழைய ஸ்பேனர்கள் வரிசையாக, சந்தனமும் குங்குமமும் காய்ந்த பொட்டோடு இருந்தன. மகளுடைய ஸ்கூட்டர் சாவியில்கூடப் பொட்டு. மேசைமேல் இருந்த பனையோலை விசிறியின் காம்பிலும் ஒரு பொட்டு. பக்தியான மனிதர், வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை என்று டில்லிபாபு நினைத்துக்கொண்டான். நாகவல்லி மட்டும் ஏ.சி. ரிமோட்டையும் மூலையில் இருந்த டேபிள் ஃபேனையும் பார்த்துவிட்டு, மோரை மெதுவாகக் குடித்தார்.

அப்போது வேலை முடிந்து வந்த கவிப்பிரியா, அப்பாவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். "இடது கை நடுங்குதுப்பா. எழுந்திருக்கும்போது கீழ விட்டுடப் போறீங்க. குடுங்க." குரலில் கோபம் இல்லை, களைப்புதான். மனோகரன் காலியான மடியைத் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டார்.

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுச் சங்கம் கூடியது. தமிழரசு தீர்மானத்தை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். ஜெபா தூணோரம் நின்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் நாகவல்லி. "பொம்மைக்கு உயிர் குடுத்தவர் யார்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கலாமே."

நாற்காலிகள் அரைவட்டமாகத் திரும்பின.

"ஆயுத பூஜை அன்னிக்குப் பொம்மை அசையல. செய்யிறவர் ஊர்ல இல்லன்னு டில்லி நினைச்சான். ஆனா ஜெபா மேல வருத்தப்பட்டவங்க எல்லாரும் ஊர்லதான் இருந்தாங்க. அப்ப அன்னிக்கு ஓய்வெடுத்தது ஆள் இல்ல, கருவி. இந்த உயிர் ஒரு கருவியால வருது. அதை அவர் பூஜையில வெச்சிருந்தார். மறுநாள் எடுக்கிற வரைக்கும் தொடல."

டில்லிபாபு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்ப விக்ரம் இல்ல. அவர் பூஜையில வெச்சதையே எடுத்து வேலை பார்த்தவர். தமிழரசு சாருக்குப் பூஜையே கிடையாது, அன்னிக்கு முழுக்க ஸ்பேனர் பிடிச்சிருந்தார்."

"அதான் சொன்னேனே," என்றார் தமிழரசு.

"முதல்ல எழுந்திரிக்கிறது எப்பவும் ஜன்னலோரப் பொம்மை. அதனால உயிர் ஜன்னல் வழியாத்தான் வருது, காத்து மாதிரி. அப்புறம், ஒரு பிள்ளைக்கும் அடிபடல. ஒருத்தன் விழுந்தப்ப யானை ஓடி வந்து தாங்கிச்சு. காப்பகம் வேண்டாம்னு நினைக்கிற மனசுக்கு அந்தப் பிள்ளை மட்டும் வேணும்."

நாகவல்லி யாரையும் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நமக்குச் சோறு போடுற கருவிக்குப் பொட்டு வைப்போம், சுகத்துக்கு வெச்சிருக்கிறதுக்கு வைக்க மாட்டோம். ஒரு வீட்ல ஏ.சி. ரிமோட்டுக்குப் பொட்டு இல்ல, டேபிள் ஃபேனுக்கும் இல்ல. ஆனா ஒரு பனையோலை விசிறிக்கு இருந்துச்சு. அந்த விசிறியைத் தினமும் கையில வெச்சிருக்கிறவர், புழுங்கித் தள்ளின ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் துண்டால துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மனோகரன் விசிறியோடு எழுந்து நின்றார்.

"நான்தாம்மா," என்றார். "பக்கவாதம் வந்து தேறின சமயம், ஒரு நாள் கரன்ட் போச்சு. தூங்கிக்கினு இருந்த பையனுக்கு விசிறினேன். பக்கத்துல இருந்த பொம்மை எழுந்து உக்காந்துச்சு. யார் குடுத்ததுன்னு எனக்கே தெரியாது. டே கேர் மூடிட்டா புள்ளை என்கிட்டதான் இருப்பான்னு நினைச்சேன். ஜெபாவோட பொழப்பை நினைக்கல. தப்புதான்."

"அப்பா," என்றாள் கவிப்பிரியா.

"போலீஸுக்குச் சொல்லணும்ங்க," என்றது ஒரு குரல். "நைனா, சும்மா இரு," என்றது இன்னொன்று.

ஜெபாவின் முகம் இறுகியிருந்தது. "ராத்திரியெல்லாம் அழுதேன் சார். உங்க பொரியைத் தின்னுட்டு, உங்களுக்காகவும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணேன்."

மனோகரன் விசிறியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "இத ஒடைச்சுப் போட்டுடும்மா."

அவள் அதை வாங்கினாள். காம்பில் இருந்த காய்ந்த பொட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், நீங்க சொல்லுங்க," என்றாள்.

"தப்பு செய்யிறப்பகூட, ஒரு நாள் அதைச் சாமி காலடியில வெச்சிட்டுத் தொடாம இருந்தவர்மா. அவ்வளவு மிச்சம் இருக்கு அவர்கிட்ட. அப்புறம் உன் இஷ்டம்."

ஜெபா விசிறியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு பெஞ்சுல உக்காராதீங்க சார். உள்ள வந்து உக்காருங்க. சாப்பாட்டு நேரத்துல இந்தப் புள்ளைங்கள உக்கார வைக்க என் ஒருத்தியால முடியல. தூக்க வேணாம், விசிறினா போதும்."

விக்ரம் கையைத் தூக்கினான். "எனக்கு ஒண்ணே ஒண்ணு. அந்தக் குரங்குங்க கையில இருந்து ஜால்ராவைப் பிடுங்கிடுங்க சார்."

சிரிப்பு எழுந்தது. தமிழரசு தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, அந்த வழியாகச் சவாரி போன டில்லிபாபு ஜன்னலோரம் ஆட்டோவை நிறுத்தினான். உள்ளே பாய் விரித்திருந்தது. பாயில் பாதிப் பேர் பிள்ளைகள், பாதிப் பேர் பொம்மைகள். விஜயதசமியன்று ஓடிப்போன இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ராஜா பொம்மை வாளை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. மனோகரன் நடுவில் அமர்ந்து மெல்ல விசிறிக்கொண்டிருந்தார். அருள்மொழி அவருடைய நடுங்கும் இடது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துப் பிடித்திருந்தான்.

"கண்ணை மூடுங்க," என்றாள் ஜெபா. "சாப்பாட்டுக்காக நன்றி."

"சாப்பாட்டுக்காக நன்றி," என்றார்கள் பிள்ளைகள்.

"அம்மா அப்பாவுக்காக நன்றி."

"அம்மா அப்பாவுக்காக நன்றி."

"தாத்தா விசிறிக்கு நன்றி," என்றான் அருள்மொழி, யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

விசிறி நின்றது. பொம்மைகள் ஒரு கணம் தலை சாய்ந்தன. மனோகரன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விசிறத் தொடங்கினார். பஞ்சு யானை நிமிர்ந்து, தும்பிக்கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டது.

பின்சீட்டில் இருந்த அம்மாள், "இன்னாப்பா, வண்டிய எடுக்கிறியா இல்லியா?" என்றாள்.

"இதோம்மா," என்றான் டில்லிபாபு. ஆனால் பிள்ளைகள் முதல் கவளம் வாயில் வைக்கிற வரை அவன் வண்டியை எடுக்கவில்லை.