செவ்வாய்க்கிழமை ஆபீஸ்

டமார்!

ஹாலில் ஏதோ விழுந்தது.

ஸ்ரீலேகாவின் காய்ச்சல் ஒரே நொடியில் பறந்தது!

மும்பை மாட்டுங்கா ஃப்ளாட்டில் அவள் தனியாக இருந்தாள். கணவன் வேலைக்குப் போயாயிற்று. மாமியார் வாலாம்பாள் கோயிலுக்கு. அவளும் இந்நேரம் ஐரோலி ஆபீஸில் இருக்க வேண்டியவள்தான். உடம்பு முடியாமல் படுக்கையறையில் லேப்டாப்போடு ஒளிந்திருந்தாள். கேமரா ஆஃப். ஆபீஸ் தோழி பத்மஜாவுக்கு மட்டும் தெரியும்.

இயர்போனில் மானேஜர் மாதவ் முழங்கிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமைன்னா எல்லாரும் ஆபீஸ் வந்தே ஆகணும்! ஆத்துல இருந்துண்டு எவனும் வேலை பாக்கறதில்ல!"

லாக்டவுனில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்த அதே மாதவ்! இப்போதும் அவர் பேசுவது செம்பூரில், சொந்த வீட்டு சோபாவிலிருந்து!

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

ஹெல்மெட் போட்ட ஒருவன்! கையில் கடப்பாரை! பீரோ முன்னால்!

சத்தமில்லாமல் கதவைத் தாழிட்டாள்.

வெளியே அவன் போனில் கிசுகிசுத்தான்.

"சார்... பீரோ பூட்டியிருக்கு. சாவி எங்க?"

பதில்...

அவள் இயர்போனிலேயே கேட்டது!

"பெருமாள் படத்துக்குப் பின்னாடி பாருடா! லாக்டவுன் மீட்டிங்ல கேமரா முன்னாடியே எடுத்தாளே!"

மாதவ்!

மைக்கை அணைக்க மறந்துவிட்டார்! மீட்டிங் முழுக்கக் கேட்டுவிட்டது!

போன மாதம் பத்மஜா வீட்டில் நகை போனதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்...

ஸ்ரீலேகாவுக்கு பயத்தை மீறிக் கோபம் வந்தது. மைக்கை ஆன் செய்தாள்.

"மாதவ் சார்... சாவி அங்க இல்ல. எடம் மாத்திட்டேன்!"

"ஸ்ரீ... லேகா? நீ ஆபீஸ்ல இல்லியா?"

"ஆத்துலதான் சார். உங்க ஆளும் இங்கதான் இருக்கான்!"

இயர்போனில் பத்மஜா அலறினாள். "லேகா, கதவைத் தொறக்காதே! போலீஸுக்குப் பேசிண்டிருக்கேன்!"

தடால்!

படுக்கையறைக் கதவில் கடப்பாரை இறங்கியது. மரம் பிளந்தது! கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்தாள்.

வாசலில் வாலாம்பாளின் குரல்.

"என்னடி சத்தம்?"

"அம்மா, திருடன்! வெளியில தாப்பாப் போடுங்கோ!"

க்ளிக்!

"போட்டுட்டேன்! டேய், ஜன்னலெல்லாம் கம்பி! ஒழுங்கா உக்காரு!"

கடப்பாரை நின்றது. வாசல் இரும்புக் கதவை மோதி மோதி ஓய்ந்தவனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. செம்பூரில் மாதவும் சிக்கினார். எல்லாரும் ஆபீஸ் வந்தால் வீடுகள் காலி, தானும் மீட்டிங்கில் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள் என்பது அவர் கணக்கு!

"ஆத்துல உக்காண்டு என்னடி வேலை" என்று சலித்துக்கொண்டே இருந்த வாலாம்பாள் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே ஆத்துலேர்ந்தே பாருடி, கண்ணு!"

ஸ்டேஷனில் மாதவ் நெளிந்தார்.

"மேடம்... வீட்டுக்குப் போய், வீடியோ கால்ல வாக்குமூலம் தரட்டுமா?"

சயானில் தமிழர்களோடு வளர்ந்த இன்ஸ்பெக்டர் சாதனா சிரித்தாள்.

"ஸாரி சார்! எங்க ஆபீஸ் ரொம்ப கண்டிப்பு... வந்தவங்கள வீட்டுக்கே அனுப்பறதில்ல!"