இடப்பக்கத்துத் திரை

கட்கி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வைஜயந்தியின் செருப்பு ஊறிவிட்டது. 2003-ஆம் வருஷத்து ஜூலை மழை. கம்பெனியின் கிளை அலுவலகம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே ஈரச் சுண்ணாம்பும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை.

அன்று அவளுடைய தற்காலிக வேலையின் கடைசி நாள். "மூலையில இருக்கற லினக்ஸ் மெஷின்ல டிஸ்ப்ளேயைச் சரி பண்ணி, அஞ்சு மணிக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும்மா. வேலை பர்மனென்ட். இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று ஹிஞ்சேவாடி தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் கிருஷ்ணஸ்வாமி சொல்லியிருந்தார்.

"அந்த டப்பாவா?" கதவைத் திறந்துவிட்ட காவலாளி கோவிந்தராஜ் சிரித்தார். "மூணு பேர் வந்து பாத்தாச்சு தங்கச்சி. ஒருத்தரும் சாய்கூடக் குடிக்கல, ஓடிட்டாங்க. நீயாச்சும் குடிச்சிட்டு ஓடு."

மானிட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது. திரை புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டினாள், நடுக்கம் நின்றது. ஆனால் திரையில் திறக்கிற ஜன்னல்கள் எல்லாம் இடது ஓரத்தில் வழுக்கி மறைந்தன. மவுஸின் அம்புக்குறியும் விளிம்பில் நிற்கவில்லை. தாண்டிப் போயிற்று. எங்கோ போய்க்கொண்டே இருந்தது.

அமைப்புக் கோப்பைத் திறந்தாள். இரண்டு திரைகள் என்று எழுதியிருந்தது. இரண்டாவது, முதல் திரைக்கு இடப்பக்கம்.

"அண்ணே, இங்க ரெண்டு மானிட்டர் இருந்துச்சா?"

"அரே, எப்பவும் ஒண்ணுதான்."

மேஜையின் இடப்பாதி காலியாக இருந்தது. அங்கே மட்டும் தூசி இல்லை.

இந்த மெஷினில் அம்புக்குறி எந்த ஜன்னல்மேல் நிற்கிறதோ, தட்டுகிற எழுத்து அதற்குத்தான் போகும். அவசரத்தில் அதை மறந்தாள். கோப்பைத் திருத்துவதற்கான நிர்வாகியின் பாஸ்வேர்டைத் தட்டி என்டரை அழுத்திய பிறகுதான் கவனித்தாள்.

அம்புக்குறி இந்தத் திரையில் இல்லை.

ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. நெடுநேரம்.

அவள் அம்புக்குறியை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் திரையின் வரிகளை அழித்துச் சேமித்தாள். மெஷினை மறுபடி தொடங்கினாள். அம்புக்குறி மறுபடி இடப்பக்கம் வழுக்கியது. கோப்பில் அவள் அழித்த வரிகள் திரும்ப இருந்தன. ஒரு நிமிஷம் முன்பு நிர்வாகியாக நுழைந்து யாரோ சேமித்திருக்கிறார்கள்.

சாவியை அவளே கொடுத்திருந்தாள்.

மணி நாலு ஐம்பது. எழுந்து ஓடலாம். ஓடினால் வேலை போச்சு.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள். படம் இரண்டு மடங்கு அகலமாக வந்தது. வலப்பாதியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த திரை. இடப்பாதி முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதில் ஆங்கில எழுத்தில் ஒற்றைத் தமிழ் வரி:

கொஞ்சம் தள்ளி உட்கார்.

படித்து முடித்தபோது அவளுடைய நாற்காலி ஏற்கெனவே ஒரு சாண் நகர்ந்திருந்தது.

இடப்பாதியை வெட்டி எறிந்தாள். மிச்சத்தை மட்டும் மெயிலில் அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது.

"பளிச்சுன்னு இருக்கும்மா" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "ரெண்டு அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் ரெடி."

"ரெண்டா சார்?"

"மெயில்ல ரெண்டு பேர் பேரும் இருக்கே! நாளைக்குச் சேர்ந்தே வந்துடுங்க. சரியா?"



"சரி சார்."

கிருஷ்ணஸ்வாமி போனை வைத்துவிட்டார்.

வைஜயந்தி வாயைத் திறக்கவே இல்லை. ரிசீவர் அவளது வலது காதில் இருந்தது. பதில் சொன்ன மூச்சின் சில்லென்ற ஈரம், இடது கன்னத்தில் இன்னும் காயவில்லை.