விட்டுவைத்த தகடு

காலை ஆறரை மணிக்குத் தொழிற்சாலை மேலாளர் அலமாரியைத் திறந்தார். இயந்திரப் போருடைக்கான புதிய மார்புத்தகடுகள் இரண்டையும் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. பத்து மணிக்குத் தளபதிகள் முன்னால், ஒருவர் உடையை அணிந்து நிற்க, நிஜக் குண்டால் சுட்டுப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தார். போன வருடம் செய்த தகடு ஒன்று மட்டும் அலமாரியில் இருந்தது. எடை அதிகம் என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் எந்தக் குண்டும் அதைத் துளைத்ததில்லை.

போட்டி நிறுவனத்தின் கைவரிசை என்று மேலாளர் சாதித்தார். சாவி அவரைத் தவிர இருவரிடம்தான் இருந்தது. செராமிக் சுடும் சூளைக்காரர் தன் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் திருதிருவென விழித்தார். தகடுகளை வடிவமைத்த பெண்ணோ நிதானமாகப் பேசினாள். மேலே இருக்கும் செராமிக் அடுக்கு குண்டை நொறுக்கும், நடுவில் நாரடுக்கு சிதறல்களைப் பிடிக்கும், உள்ளே நுரை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்றாள். காணாமல் போனது பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள்.

உடையை அணியப்போகிறவர் அவள் கணவர். அதிகாரி பழைய தகட்டை அவருக்கு மாட்டச் சொன்னார்.

"உறுத்துதா சார்?"

"இல்லையே, அளவெடுத்த மாதிரி இருக்கு. எனக்கு இடது காறை எலும்பு ஒடஞ்சு ஒட்டினது, புடைச்சிருக்கும். மத்த தகடெல்லாம் அங்க அழுத்தும்."

இந்தத் தகட்டை அவர் இதுவரை அணிந்ததே இல்லையாம். அதிகாரி அதைக் கழற்றித் திருப்பினார். உள்நுரையில், இடது ஓரம், சின்னக் குழி. விரல் பட்டதும் புதுத் தூள் உதிர்ந்தது.

"உளவாளிக்கு ஒண்ணு போதும். சோதனையக் கெடுக்க வந்தவன் மூணையும் எடுத்திருப்பான். இங்க ரெண்ட எடுத்துட்டு, மூணாவத இவருக்குத் தோதா செதுக்கி வெச்சிருக்காங்க. இவர் எலும்பு எங்க புடைச்சிருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?"

தகடுகளை எடுத்தது தான்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். புதிய தகடுகளில் செராமிக்கும் நாரும் ஒட்டாமல் பிரிவதை முந்தின நாள்தான் கண்டுபிடித்தாளாம். மேலாளர் வீண் பயம் என்று தட்டிக்கழித்தாராம். ஆமாம் என்றார் மேலாளர்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் கணவர்.

"சொன்னேன். 'நீ செஞ்சதுதானே, எனக்கென்ன பயம்'னு சிரிச்சீங்க."

அவள் வண்டியிலிருந்து தகடுகள் வந்தன. ஒன்றை மணல் பொம்மைக்கு மாட்டிச் சுட்டார்கள். குண்டு முதுகு வழியாக வெளியேறியது.

கணவர் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீ பயந்தா, நானும் சேர்ந்து பயப்படுறேன்."