துணைக் காற்றுக் கோரிக்கை

செவ்வாய்க் குடியேற்றத்தின் பேரவையில் உறுப்பினர்கள் தூங்குவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஒவ்வொருவர் வலது தோளிலும் 'கையுயர்த்தி' என்றொரு கருவியை உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள். கொறடா பொத்தானை அழுத்தினால் கை தானாக மேலே போகும் என்று ஏற்பாடு. அப்புறம் கோரிக்கையைப் படிப்பானேன், மண்டையை உடைத்துக்கொள்வானேன்?

அங்கே பட்ஜெட் என்றால் காற்றுதான். ஆண்டுத் தொடக்கத்தில், மக்கள் வாழும் ஒவ்வொரு கண்ணாடிக் குமிழிக்கும் இவ்வளவு பிராணவாயு என்று பங்கு பிரிப்பார்கள். இடையில் அரசுக்குப் போதவில்லை என்றால் துணைக் கோரிக்கை வரும். பேரவை அதை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். ஆராய்ந்தார்கள், போங்கள்! கூட்டத்தொடரின் கடைசி நாள் மாலையில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். அவைத்தலைவர் ஒரே மூச்சில் தலைப்புகளைப் படிப்பார். கைகள் எழும். எல்லோரும் போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஆறாம் குமிழியின் உறுப்பினர் செண்பகவடிவும் அப்படித்தான் போனாள். மறுவாரமே அவள் குமிழியில் காற்று மெலிந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவளுடைய அக்காள் மகள் நாலடி நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னவென்று விசாரித்தால், அமைச்சரின் வரவேற்பு மண்டபத்தைப் பெரிதாக்கி, அதை நிரப்ப ஆறாம் குமிழியின் கையிருப்பை உறிஞ்சியிருக்கிறார்கள். அந்தக் குமிழியின் உறுப்பினர் சம்மதிக்காமல் அப்படி எடுக்க முடியாது. பதிவுப் படத்தில் செண்பகவடிவின் கை ஜம்மென்று உயர்ந்திருந்தது.

ஊர் அவள் வாசலில் கூடியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காள் மட்டும், "நீ படிச்சே பாக்கலையாடி?" என்று கேட்டாள்.

செண்பகவடிவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நான் எங்கே தூக்கினேன், கருவியல்லவா தூக்கியது என்று சமாளித்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. அதற்கு விதியும் இருந்தது. உறுப்பினர் அறியாமல் கை உயர்ந்ததென்று கருவியை எடுத்து அவையில் காட்டினால் வாக்கு ரத்தாகும், காற்றும் திரும்பிவிடும். உடனே எடுத்துவிடுகிறேன் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு பேரவை மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் ஞானசிகாமணி அவள் தோளை மரக்கச் செய்து பழைய தையலைப் பிரித்தார். வெகுநேரம் கிளறிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வெறும் தையல்தான்."

கையுயர்த்தி வாங்கவும் முன்பு ஒரு துணைக் கோரிக்கைதான் வந்ததாம், டாக்டரே சொன்னார். அவை வழக்கம்போல் ஆராயாமல் ஒப்புதல் தந்தது. வாங்கியதாகக் கணக்கெழுதி யாரோ சுருட்டிக்கொண்டார்கள், கருவி வரவேயில்லை. தோளைக் கீறித் தைத்ததோடு சரி. இத்தனை காலமும் அரைத் தூக்கத்தில் கொறடாவின் விரல் அசைவதைப் பார்த்தே எல்லோரும் தாங்களாகவே கையைத் தூக்கியிருக்கிறார்கள்.

செண்பகவடிவுக்கு அவமானத்தில் காது சுட்டது. கதவுக்கு வெளியே அக்காள் மகள் மூச்சுக்கு இழுப்பது கேட்டது. போய் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"தைச்சிடுங்க டாக்டர்," என்றாள் சன்னமாக. "எலும்போட ஒட்டிக்கிச்சு, எடுக்க முடியலைன்னு சொல்லிடுங்க."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தார்.

"சரிம்மா. உங்களுக்கு முன்னாடி வந்த உறுப்பினர்கள் எல்லாருமே இதையேதான் சொல்லச் சொன்னாங்க."