இரும்புப் பாம்பின் வளையங்கள்

கியோட்டோவில் விடாமல் பனி கொட்டிய அந்தப் பிற்பகலில், தொட்டால் விரலைக் கடிக்கும் அளவுக்குச் சில்லிட்டிருக்க வேண்டிய இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. செய்ஜிரோ கையை இழுத்துக்கொண்டான். மறுபடி தொட்டுப் பார்த்தான்.

தம்பி தோமோகிச்சி செய்த பாம்பு அது. வளையம் வளையமாக அடித்துக் கோத்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உயிருள்ளதைப் போல நெளியும். அரக்கும் கரிப்புகையும் மணக்கும் அதே பட்டறையில், அதே இரும்பில் செய்ஜிரோவும் ஒரு பாம்பு செய்திருந்தான். காலையில் வந்த வெள்ளைக்கார வியாபாரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் கீழே வைத்தார். தம்பியுடையது மணிக்கட்டில் சுருண்டதும் அலறியே விட்டார். பிறகு பட்டறைக்கு உரியவனான அண்ணனை விட்டுவிட்டு, தம்பிக்குத் தலைவணங்கினார்.

காகிதக் கதவுக்கு அப்பால், அடியில் கரி கனலும் கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி, சாக்கே மது குடித்த மயக்கத்தில் தம்பி படுத்திருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கிட்டியா?"

"எனக்கென்னடா கோவம்? பேசாம தூங்கு."

"அந்தாளுக்கு என்ன தெரியும். உன் பாம்பும் நல்லாத்தான் இருக்கு."

அந்த 'உன் பாம்பும்' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அப்படி உள்ளே என்னதான் வைத்திருக்கிறான்? செய்ஜிரோ தம்பியின் பாம்பின் வால் நுனியிலிருந்த ஆணியைத் தட்டிக் கழற்றினான். முதல் வளையம் கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கழன்ற மறுகணமே அது குளிர்ந்துபோனது. இன்னொன்று. இன்னொன்று.

"அண்ணே, கால் மரத்துப்போச்சு."

"கணப்பு அணைஞ்சிருக்கும்."

"இல்லண்ணே, கரி எரிஞ்சுட்டுதான் இருக்கு. காலு இருக்கிற மாதிரியே தெரியல."

செய்ஜிரோவின் கை நின்றது. கூரையிலிருந்து பனி சரிந்து முற்றத்தில் பொத்தென்று விழுந்தது. மெல்ல, அடுத்த ஆணியைத் தட்டினான்.

"அண்ணே... இடுப்பு."

புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கழற்றினான். இனி எவனும் தம்பிக்குத் தலைவணங்கப் போவதில்லை. வளையங்கள் பலகைத் தரையில் உருண்டு சிதறின. கழுத்தை நெருங்கியபோது அப்பால் மூச்சொலி நின்றிருந்தது.

"தோமோ?"



அப்போதுதான் பயம் பிடித்தது. வளையங்களை வாரிக் கோக்கத் தொடங்கினான். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எது முன்? எது பின்? பொருந்தாததைச் சுத்தியலால் அடித்துப் பொருத்தினான். இரும்பு சூடேறியது.

அப்பால் போர்வை அசைந்தது.

எதுவோ உரசியது. நின்றது. உரசியது.

"அண்ணே." குரல் தரையை ஒட்டி வந்தது. "என்னை என்ன பண்ணின?"

கதவு விலகியது. முதலில் தம்பியின் முகம், கன்னம் தரையில் தேய. அதன் பின்னால் உடம்பு, மடியக்கூடாத இடத்திலெல்லாம் மடிந்து மடிந்து, கதவிடுக்கு வழியே வந்துகொண்டே இருந்தது.